வெப்பநிலை அளவுகோல்களும் அலகுகளும்: இயற்பியல் தொடங்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு திரவம் 10 டிகிரி செல்சியஸில் இருக்கிறது. சூடாக்குகிறோம், 20 டிகிரி ஆகிறது. வெப்பநிலை இரண்டு மடங்காகிவிட்டது என்று சொல்லலாமா?

சொல்லத்தான் தோன்றும். ஆனால் அதே திரவத்தில் பாரன்ஹீட் தெர்மாமீட்டரை வைத்திருந்தால் அது 50லிருந்து 68க்கு ஏறியிருக்கும். ஒன்றரை மடங்குகூட இல்லை. கெல்வினில் பார்த்தால் 283லிருந்து 293. நூற்றுக்கு நான்கு பங்குகூட ஏறவில்லை. திரவம் ஒன்றுதான், நடந்த மாற்றமும் ஒன்றுதான். பிறகு எப்படி மூன்று விதமான பதில்?

வெப்பநிலைக் கணக்குகளில் மாணவர்கள் சறுக்கும் இடங்களைத் தோண்டிப் பார்த்தால், பெரும்பாலானவை இந்த ஒரே குழப்பத்தில் போய் நிற்கும். ஆகவே டிகிரி என்று எழுதிய ஓர் எண்ணைக் கண்டதும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: பொருள் எந்த வெப்பநிலையில் இருக்கிறது என்று இது சொல்கிறதா, அல்லது வெப்பநிலை எவ்வளவு மாறியது என்று சொல்கிறதா? முன்னதை ‘நிலை’ என்றும் பின்னதை ‘மாற்றம்’ என்றும் இந்தக் கட்டுரை முழுக்க அழைப்போம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் சூத்திரங்கள் பெரிய பாரமாக இருக்காது.

எழுத வசதியாகச் செல்சியஸை °செ என்றும், பாரன்ஹீட்டை °பா என்றும், கெல்வினை கெ என்றும் சுருக்கிக்கொள்வோம். கெல்வினுக்கு டிகிரிக் குறி ஏன் இல்லை என்பது பின்னால் வரும்.

படி 1: எதை அளக்கிறோம் என்று தெளிவாகுங்கள்

வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு. வெப்பம் என்பது ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் பாயும் ஆற்றல். அதன் அலகு ஜூல். வெப்பநிலை என்பது அந்தப் பாய்ச்சல் எந்தத் திசையில் நடக்கும் என்பதைத் தீர்மானிக்கும் அளவு. சாணைக்கல்லில் இரும்பைத் தீட்டும்போது பறக்கும் பொறியின் வெப்பநிலை ஆயிரம் டிகிரியைத் தாண்டும். ஆனால் பொறி மிகச் சிறியது, அதில் உள்ள ஆற்றல் அற்பம். கையில் பட்டால் சுருக்கென்று குத்திவிட்டு அணைந்துவிடும். 70°செ வெந்நீர் ஒரு வாளி கொட்டினால் கதை வேறு.

இரண்டு பொருள்களைத் தொட்டபடி வைத்தால் சூடானதிலிருந்து குளிர்ந்ததற்கு வெப்பம் பாயும். கொஞ்ச நேரத்தில் பாய்ச்சல் நின்றுவிடும். அப்போது இரண்டும் வெப்பச் சமநிலையில் இருக்கின்றன, அதாவது ஒரே வெப்பநிலையில் இருக்கின்றன என்கிறோம். தெர்மாமீட்டர் வேலை செய்வதும் இப்படித்தான். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு: தெர்மாமீட்டர் எப்போதும் காட்டுவது தன்னுடைய வெப்பநிலையை மட்டுமே. சமநிலை வரும்வரை காத்திருந்தால்தான் அது திரவத்தின் வெப்பநிலையும் ஆகும். சோதனைக் குழாயில் நாலு சொட்டுத் திரவத்தை வைத்துக்கொண்டு அதற்குள் தடிமனான தெர்மாமீட்டரை விட்டால், தெர்மாமீட்டரே திரவத்தைக் கணிசமாகச் சூடாக்கவோ குளிர்விக்கவோ செய்துவிடும். நீங்கள் படிக்கும் எண் சரியானதுதான், ஆனால் அளக்க நினைத்த எண் அதுவல்ல.

படி 2: ஓர் அளவுகோலை நீங்களே கட்டிப் பாருங்கள்

அளவுகோல் ஒன்றை உருவாக்க மூன்று காரியங்கள் போதும். வெப்பநிலையோடு சீராக மாறும் ஒரு பண்பு வேண்டும்: பாதரசத் தம்பத்தின் நீளம், பிளாட்டினக் கம்பியின் மின்தடை, மூடிய கலனில் உள்ள வாயுவின் அழுத்தம், இப்படி ஏதாவது ஒன்று. எங்கே செய்தாலும் மாறாமல் கிடைக்கும் இரண்டு நிலைப்புள்ளிகள் வேண்டும். அந்த இரண்டுக்கும் நடுவில் எத்தனை பாகமாகப் பிரிப்பது என்ற முடிவு வேண்டும். அவ்வளவுதான்.

கோடு எதுவும் போடாத ஒரு பாதரசக் குழாயை எடுத்துக்கொள்வோம். நொறுக்கிய தூய பனிக்கட்டியில் அதன் குமிழைப் புதைத்து வைத்தால், தம்பம் இறங்கி இறங்கி ஓரிடத்தில் நின்றுவிடும். குமிழிலிருந்து அந்த இடம் 4.0 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து கொதிக்கும் நீருக்கு மேலே, நீராவியில் பிடிக்கிறோம். நீருக்குள்ளே முக்காமல் ஆவியில் பிடிப்பதற்குக் காரணம் இருக்கிறது: நீரில் உப்போ வேறு கசடோ கலந்திருந்தால் அதன் கொதிநிலை கூடிவிடும், குமிழின் மேல் படியும் ஆவி தூய்மையானது. அங்கே தம்பம் 24.0 சென்டிமீட்டரில் நிற்கிறது. இப்போது நமக்குத் தெரியாத ஒரு திரவத்தில் விட்டால் 11.0 சென்டிமீட்டர். அதன் வெப்பநிலை என்ன?

பனியிலிருந்து ஆவி வரைக்கும் மொத்த ஏற்றம் 20 சென்டிமீட்டர். நம் திரவம் அதில் 7 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது. பின்னம் 7/20. இதுவரை செல்சியஸும் இல்லை, பாரன்ஹீட்டும் இல்லை, வெறும் பின்னம்தான். செல்சியஸ்காரர் அந்த இடைவெளியை 100 பாகமாக்கி, கீழே 0 என்று எழுதியிருக்கிறார். எனவே 7/20 × 100 = 35°செ. பாரன்ஹீட்காரர் அதே இடைவெளியை 180 பாகமாக்கி, கீழே 32 என்று எழுதியிருக்கிறார். எனவே 7/20 × 180 = 63, அதோடு 32 சேர்த்தால் 95°பா.

வேறு வேறு எண்கள், ஒரே பின்னம். அளவுகோல் மாற்றக் கணக்கு என்று பாடப்புத்தகத்தில் வரும் அத்தனையும் இந்தப் பின்னத்துக்குள் அடக்கம்.

கோடு தப்பாகப் போடப்பட்ட தெர்மாமீட்டர் என்று தேர்வில் அடிக்கடி ஒரு கேள்வி வரும். பனியில் 5 என்றும் நீராவியில் 95 என்றும் காட்டும் ஒரு தெர்மாமீட்டர் ஒரு திரவத்தில் 59 காட்டினால் சரியான வெப்பநிலை என்ன? அதே பின்னம்: (59 − 5)/(95 − 5) = 54/90 = 0.6. ஆக 60°செ. இந்தத் தெர்மாமீட்டர் எங்காவது சரியாகக் காட்டுமா என்றும் கேட்பார்கள். காட்டும், ஒரே ஒரு இடத்தில். அந்த எண்ணை அ என்று வைத்தால் (அ − 5)/90 = அ/100. விடை 50. அதற்குக் கீழே கூட்டிக் காட்டும், மேலே குறைத்துக் காட்டும்.

இந்தப் படியில் சத்தமில்லாமல் ஓர் அனுமானம் நுழைந்துவிட்டது. பாதரசம் 0க்கும் 100க்கும் நடுவில் ஒரே சீராக விரிகிறது என்று எடுத்துக்கொண்டோம். ஆல்கஹால் தெர்மாமீட்டரையும் இதே மாதிரி இரண்டு புள்ளிகளில் பொருத்தி நடுவில் சமமாகப் பிரித்தால், நடு இடங்களில் இரண்டும் கொஞ்சம் வேறுபடும். எது சரி? இந்த அளவுகோல்களுக்குள்ளேயே இருந்துகொண்டு அதைத் தீர்மானிக்க வழியில்லை. கெல்வின் அளவுகோல் பிறந்ததற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

படி 3: எண்கள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்துகொள்ளுங்கள்

32 என்ற விநோதமான எண் ஏன் என்று எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் சந்தேகம் வரும். டான்சிக் நகரில் 1686இல் பிறந்த டேனியல் கேப்ரியல் பாரன்ஹீட், 1724இல் தன் அளவுகோலை விவரித்தார். பனிக்கட்டி, நீர், அம்மோனியம் குளோரைடு மூன்றையும் கலந்தால் கிடைக்கும் கடுங்குளிரை 0 என்றார். உப்பில்லாத பனியும் நீரும் சேர்ந்த கலவையை 32 என்றார். நலமாக இருக்கும் மனிதரின் உடல் சூட்டை 96 என்றார். 32க்கும் 96க்கும் நடுவில் 64 பாகம். குழாயில் பாதி, பாதியின் பாதி என்று ஆறு முறை பிரித்தால் கோடுகள் தாமாக விழுந்துவிடும். கருவி செய்கிறவரின் கைக்கணக்கு அது.

அவருக்குப் பிற்காலத்தில் நீரின் உறைநிலையை 32 என்றும் கொதிநிலையை 212 என்றும் நிலைநிறுத்திவிட்டார்கள். அதில் உடல் வெப்பநிலை 96இல் நிற்காமல் நகர்ந்துவிட்டது. இன்று எல்லோரும் சொல்லும் 98.6 என்பது 37°செ என்ற முழு எண்ணை அப்படியே மாற்றியதால் வந்தது. அந்தத் தசமப் புள்ளியைப் பார்த்து யாரோ மிகத் துல்லியமாக அளந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. உடல் வெப்பநிலை ஆளுக்கு ஆள், வேளைக்கு வேளை மாறும்.

சுவீடனின் உப்சாலாவைச் சேர்ந்த வானியலாளர் ஆண்டர்ஸ் செல்சியஸ் 1742இல் நூறு பாக அளவுகோலைத் தந்தார். வேடிக்கை என்னவென்றால், அவர் கொதிநிலைக்கு 0 என்றும் உறைநிலைக்கு 100 என்றும் வைத்திருந்தார். 1744இல் அவர் மறைந்த சிறிது காலத்திலேயே அது தலைகீழாக்கப்பட்டு இன்றைய வடிவம் பரவியது. சென்டிகிரேடு என்ற பழைய பெயரை நீக்கி டிகிரி செல்சியஸ் என்று அதிகாரபூர்வமாக மாற்றியது 1948இல். ரோமர் அளவுகோல், 0 முதல் 80 வரை போகும் ரியோமர் அளவுகோல் என்று இன்னும் பல இருந்தன. இன்று அவற்றை வரலாற்றில் மட்டும்தான் பார்க்க முடியும்.

கொதிநிலை 100 என்பது இயல்பான வளிமண்டல அழுத்தத்தில் மட்டும். கடல் மட்டத்திலிருந்து மேலே போகப் போக, ஏறத்தாழ 300 மீட்டருக்கு 1°செ வீதம் கொதிநிலை குறையும். அழுத்தத்தைச் சொல்லாமல் கொதிநிலையை நிலைப்புள்ளி என்று எழுதினால் விடை அரைகுறைதான்.

படி 4: நிலையை மாற்றுவது

இரண்டாம் படியின் பின்னத்தை அப்படியே எழுதினால்:

செ/100 = (பா − 32)/180 = (கெ − 273.15)/100

இந்த ஒரே வரியை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். இதிலிருந்து மற்றவை தானே வரும்:

பா = 1.8 × செ + 32
செ = (பா − 32) ÷ 1.8
கெ = செ + 273.15

104°பா எவ்வளவு செல்சியஸ்? முதலில் 32ஐக் கழிக்கிறோம்: 72. பிறகு 1.8ஆல் வகுக்கிறோம்: 40°செ. இதில் வரிசை மாறினால் எல்லாம் போச்சு. முதலில் வகுத்துவிட்டுப் பிறகு 32ஐக் கழித்தால் 25.8 என்று ஏதோ வரும். எந்த வரிசை என்று சந்தேகம் வந்தால் கொதிநிலையைப் போட்டுச் சோதியுங்கள். 212 போட்டால் 100 வர வேண்டும். வராவிட்டால் வரிசை தப்பு.

எதிர்மறை எண்ணிலும் இதே வழிதான். −13°பா: −13இலிருந்து 32 கழித்தால் −45, 1.8ஆல் வகுத்தால் −25°செ. இங்கே −13 + 32 என்று கூட்டிவிடுகிறவர்கள் நிறைய.

மனக்கணக்குக்கு ஒரு சுருக்கு வழி உண்டு. செல்சியஸை இரட்டியுங்கள், அதில் பத்தில் ஒரு பங்கைக் குறையுங்கள், 32 சேருங்கள். 25°செ என்றால் 50, பத்தில் ஒரு பங்கு போக 45, 32 சேர்த்தால் 77°பா. இது தோராயமல்ல, சரியான விடையே. 2இல் பத்தில் ஒரு பங்கு போனால் 1.8 தானே. இன்னொன்று: செல்சியஸில் ஒவ்வொரு 10க்கும் பாரன்ஹீட்டில் 18 கூடும். 0க்கு 32, 10க்கு 50, 20க்கு 68, 30க்கு 86, 40க்கு 104. இந்த ஐந்து ஜோடியும் மனதில் இருந்தால் போட்ட விடை நம்பும்படி இருக்கிறதா என்று ஒரு நொடியில் பார்த்துவிடலாம்.

இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும் இடம் −40. அ = 1.8அ + 32 என்று போட்டால் வந்துவிடும். பாரன்ஹீட்டிலிருந்து கெல்வினுக்குப் போக வேண்டுமானால் தனிச் சூத்திரம் தேடாமல் செல்சியஸ் வழியாகவே போங்கள்.

273 போதுமா, 273.15 வேண்டுமா? கொடுத்த எண்ணில் தசமம் இல்லை என்றால் 273 போதும்: 27°செ என்பது 300 கெ. தசமத்தோடு கொடுத்திருந்தால் 273.15 போட்டு, கொடுத்த எண்ணில் எத்தனை தசம இடம் இருந்ததோ அதே அளவுக்கு விடையைச் சுருக்குங்கள்.

படி 5: மாற்றத்தை மாற்றுவது

இந்தப் படியை அவசரமாகக் கடக்காதீர்கள். நிலையை மாற்றும் சூத்திரத்தில் 32, 273.15 என்று கூட்டல் எண்கள் இருந்தன. அவை அளவுகோல்கள் வெவ்வேறு இடத்தில் 0 வைத்ததால் வந்தவை. மாற்றம் என்பது இரண்டு நிலைகளின் கழித்தல். கழிக்கும்போது அந்தக் கூட்டல் எண்கள் அடிபட்டுப் போய்விடும். மிஞ்சுவது ஒரு பாகத்தின் அளவு மட்டும்:

1 செல்சியஸ் டிகிரி மாற்றம் = 1 கெல்வின் மாற்றம் = 1.8 பாரன்ஹீட் டிகிரி மாற்றம்

2015ஆம் ஆண்டின் பாரிஸ் ஒப்பந்தம் புவி வெப்பமாதலைத் தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தோடு ஒப்பிட்டு 1.5°செ என்ற அளவுக்குள் நிறுத்த முயல்வது பற்றிப் பேசுகிறது. பாரன்ஹீட்டில் இது எவ்வளவு? சூத்திரத்தில் போட்டால் 34.7 வரும். பூமி 34.7 டிகிரி சூடாகலாம் என்று எந்த ஒப்பந்தமும் சொல்லாது. 1.5 என்பது இங்கே மாற்றம், எனவே 1.5 × 1.8 = 2.7 பாரன்ஹீட் டிகிரி. செய்திகளில்கூட இந்தக் குழப்பம் எட்டிப் பார்ப்பதுண்டு.

வெப்பக் கணக்கு ஒன்று. 2 கிலோகிராம் நீரை 25°செயிலிருந்து 75°செக்குச் சூடாக்க எவ்வளவு ஆற்றல்? நீரின் தன்வெப்ப ஏற்புத்திறன் ஒரு கிலோகிராமுக்கு, ஒரு கெல்வினுக்கு 4186 ஜூல். “கெல்வினுக்கு” என்று பார்த்ததும் கை தானாக 273ஐக் கூட்டப் போகும். கூட்டினாலும் பாதகமில்லை, இரண்டிலும் கூட்டினால்: 348 − 298 = 50. ஆனால் சிலர் முதலில் 75 − 25 = 50 என்று கழித்துவிட்டு, அந்த 50ஐக் கெல்வினுக்கு மாற்றுவதாக நினைத்து 323 என்று எழுதுவார்கள். விடை ஆறரை மடங்கு ஊதிவிடும். சரியான விடை 2 × 4186 × 50 = 4,18,600 ஜூல்.

அலகுக்குள் டிகிரி ஒளிந்திருக்கும் இடங்களிலும் இதையே பாருங்கள். எஃகின் நீள் விரிவு எண், அதாவது ஒரு டிகிரி சூடேறினால் நீளத்தில் எத்தனை பங்கு கூடும் என்பது, ஏறத்தாழ கெல்வினுக்கு 12 × 10⁻⁶. செல்சியஸ் டிகிரிக்கும் அதே எண்தான், எதையும் கூட்ட வேண்டியதில்லை. பாரன்ஹீட் டிகிரிக்கு வேண்டுமென்றால் 1.8ஆல் வகுக்க வேண்டும்: சுமார் 6.7 × 10⁻⁶. பாரன்ஹீட் டிகிரி சிறியது; சிறிய படிக்குச் சிறிய விரிவு. 10 மீட்டர் எஃகுத் தண்டு 30 கெல்வின் சூடேறினால் 10 × 12 × 10⁻⁶ × 30 = 0.0036 மீட்டர், அதாவது 3.6 மில்லிமீட்டர் நீளும். பாரன்ஹீட்டில் அதே ஏற்றம் 54 டிகிரி. பெருக்கிப் பார்த்தால் அதே 3.6 வருகிறது.

படி 6: கெல்வின் ஏன், எப்போது

மூடிய கலனில் வாயு ஒன்று. பருமன் மாறாது. 0°செயில் அழுத்தம் 100 கிலோபாஸ்கல் என்றால், 100°செயில் ஏறத்தாழ 136.6 கிலோபாஸ்கல் இருக்கும். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.366 கிலோபாஸ்கல் ஏற்றம். இப்போது வரைபடத்தாளில் அந்த நேர்க்கோட்டைப் பின்னோக்கி நீட்டுங்கள். அழுத்தம் 0 ஆக எத்தனை டிகிரி இறங்க வேண்டும்? 100 ÷ 0.366 = சுமார் 273. அதாவது −273°செக்குப் பக்கத்தில் கோடு அச்சைத் தொடும்.

ஹைட்ரஜன், நைட்ரஜன், ஹீலியம் என்று வாயுவை மாற்றிப் பாருங்கள். அழுத்தம் குறைவாக இருக்கும்வரை கோடுகளின் சரிவு வேறுபட்டாலும், நீட்டினால் எல்லாம் அதே புள்ளியில் போய்ச் சேரும். பாதரசமும் ஆல்கஹாலும் தங்களுக்குள் சண்டை போட்டதை நினைத்துப் பாருங்கள். இங்கே எந்தப் பொருள் என்பது ஒரு பொருட்டே இல்லை. (உண்மையான வாயு அவ்வளவு குளிரும் முன்பே திரவமாகிவிடும் என்பது வேறு விஷயம்; கோடு கணக்கில்தான் நீள்கிறது.)

பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன், எந்தப் பொருளின் பண்பையும் சாராத ஒரு தனி அளவுகோலை 1848இல் முன்வைத்தார். இன்று நாம் பயன்படுத்தும் வடிவத்தில் அதன் 0, அந்தக் கோடுகள் கூடும் −273.15°செ. இதைத் தனிச்சுழி வெப்பநிலை என்கிறோம். அங்கே எல்லா அசைவும் நின்றுவிடும் என்று சொல்வது வழக்கம்; குவாண்டம் இயற்பியலின்படி ஒரு குறைந்தபட்ச ஆற்றல் அப்போதும் மிஞ்சும். பள்ளிக் கணக்கில் விடை எதிர்மறைக் கெல்வினில் வந்தால் எங்கோ தப்பு என்று பொருள்.

1954 முதல் கெல்வினை நீரின் மும்மைப் புள்ளியை வைத்து வரையறுத்தார்கள். பனி, நீர், ஆவி மூன்றும் ஒன்றாகச் சமநிலையில் இருக்கும் அந்தப் புள்ளி 273.16 கெ, அதாவது 0.01°செ. உறைநிலையின் 273.15உடன் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 1967இல் ‘டிகிரி கெல்வின்’ வெறும் ‘கெல்வின்’ ஆனது. மீட்டர், கிலோகிராம் போல அதுவும் ஓர் அலகு, எனவே டிகிரிக் குறி இல்லை. 2019 மே 20 முதல் வரையறை மறுபடி மாறியது: துகள்களின் ஆற்றலையும் வெப்பநிலையையும் இணைக்கும் போல்ட்ஸ்மேன் மாறிலியின் மதிப்பு கெல்வினுக்கு 1.380649 × 10⁻²³ ஜூல் என்று நிலைநிறுத்தப்பட்டது. நீர் என்ற பொருளே வரையறையிலிருந்து விலகிவிட்டது. துகள்களின் ஆற்றலோடு வெப்பநிலை நேரடியாகக் கட்டப்பட்டிருக்கிறது.

சரி, எப்போது கெல்வின் கட்டாயம்? சூத்திரத்தைப் பாருங்கள். அதில் வெப்பநிலை கழித்தலாக மட்டும் வந்தால் செல்சியஸோ கெல்வினோ, எது போட்டாலும் ஒன்றுதான். வெப்பநிலை தனியாக நின்று பெருக்கவோ வகுக்கவோ பட்டால், அடுக்கோ வர்க்கமூலமோ ஏறினால், கெல்வின் தவிர வேறெதுவும் செல்லாது. 0 என்றால் உண்மையிலேயே ஒன்றுமில்லை என்று இருக்கும் அளவுகோலில்தான் ‘இரண்டு மடங்கு’ என்ற சொல்லுக்கு அர்த்தம் உண்டு.

மூடிய உருளையில் வாயு 27°செயில் 3 வளிமண்டல அழுத்தத்தில் இருக்கிறது. 127°செக்குச் சூடாக்கினால்? கெல்வினில் 300லிருந்து 400; அழுத்தம் 3 × 400/300 = 4 வளிமண்டலம். செல்சியஸிலேயே 127/27 என்று போட்டால் 14 வந்து நிற்கும்.

கதிர்வீச்சில் இந்தத் தப்பு இன்னும் பயங்கரமாகும். வெளிவரும் ஆற்றல் வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதம். 27°செயில் இருந்த பொருள் 327°செக்குப் போனால் 300லிருந்து 600 கெ, இரண்டு மடங்கு. கதிர்வீச்சு 16 மடங்கு. செல்சியஸில் போட்டவருக்கு இருபதாயிரம் மடங்குக்கு மேல் கிடைக்கும்.

இதே கதிர்வீச்சில் கெட்டிக்காரர்களையும் கவிழ்க்கும் ஒரு பொறி இருக்கிறது. 400 கெல்வினில் உள்ள பொருள் 300 கெல்வின் சுற்றுப்புறத்துக்கு நிகரமாக இழப்பது 400⁴ − 300⁴ என்பதைப் பொறுத்தது. கழித்தல் குறி இருக்கிறதே, செல்சியஸ் போதும் என்று நினைத்தால் மாட்டிக்கொள்வோம். இங்கே கழிப்பது வெப்பநிலைகளை அல்ல, அவற்றின் அடுக்குகளை. கூட்டல் எண் அடிபடாது. இது 100⁴உம் அல்ல.

எதிர்த்திசையிலும் ஒன்று. காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்கு 331 + 0.6 × செ மீட்டர் என்ற தோராயச் சூத்திரத்தில் செல்சியஸைத்தான் போட வேண்டும். அது அதற்காகவே செய்யப்பட்டது. கெல்வினைப் போட்டால் வேகம் 500ஐத் தாண்டிவிடும்.

ராங்கின் என்றொரு அளவுகோலும் உண்டு: தனிச்சுழியில் தொடங்கி, பாரன்ஹீட் அளவுள்ள படிகளில் ஏறுவது. பாரன்ஹீட்டோடு 459.67 சேர்த்தால் ராங்கின். அமெரிக்கப் பொறியியல் நூல்களில் கண்ணில் படும். அதைத் தாண்டித் தேவைப்படாது.

படி 7: போட்டுப் பாருங்கள்

பாரன்ஹீட் எண் செல்சியஸ் எண்ணைப்போல் இரண்டு மடங்காக இருப்பது எங்கே? 2செ = 1.8செ + 32. எனவே 160°செ, 320°பா.

திரவ நைட்ரஜன் 77 கெல்வினில் கொதிக்கிறது. செல்சியஸில் −196. பாரன்ஹீட்டில்? −196 × 1.8 = −352.8, 32 சேர்த்தால் சுமார் −321°பா.

ஒரு வெப்ப இயந்திரம் 327°செ மூலத்துக்கும் 27°செ தொட்டிக்கும் நடுவில் ஓடுகிறது. அதன் பெரும வினைத்திறன்? தொட்டியின் வெப்பநிலையை மூலத்தின் வெப்பநிலையால் வகுத்து, 1இலிருந்து கழிக்க வேண்டும். வகுத்தல் வருவதால் கெல்வின்தான்: 1 − 300/600 = 0.5, அதாவது 50 சதவீதம். 27/327 என்று போட்டவர் 92 சதவீதம் என்று எழுதியிருப்பார்.

கடைசியாக ஒன்று. 68°பாவில் இருக்கும் திரவம் மேலும் 45 பாரன்ஹீட் டிகிரி சூடேறுகிறது. இறுதி வெப்பநிலை எத்தனை கெல்வின்? 68 என்பது நிலை: 36 ÷ 1.8 = 20°செ. 45 என்பது மாற்றம்: 45 ÷ 1.8 = 25 செல்சியஸ் டிகிரி. மொத்தம் 45°செ, அதாவது 318 கெ. 45ஐயும் நிலையாக எண்ணி 32ஐக் கழித்தால் 7.2 வந்து, விடை 300க்குப் போய்விடும். சரிபார்க்க, முதலிலேயே பாரன்ஹீட்டில் கூட்டிவிடுங்கள்: 68 + 45 = 113°பா. அதிலிருந்து 32 போக 81, 1.8ஆல் வகுத்தால் 45°செ.